மாமாவின் கையும் போவிட்டியாச் செடியும்

“…சத்தியமா நான் புடுங்கல தாயி. கைய வச்சேன், அதுவா வந்துருச்சு.”

மாமா இதைச் சொன்னபோது அவருடைய வலக்கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு போவிட்டியாச் செடி தொங்கிக்கொண்டிருந்தது. உச்சியில் இரண்டு ஊதாப் பூக்கள், நடுவில் மஞ்சள் கேசரங்கள் வளைந்து நின்றன. தண்டில் நான் என் கையால் கட்டிய சிவப்புத் துணிக் கிழிசல். இரண்டு நாளாக விடாமல் பெய்த மழை அன்று காலை பத்து மணியளவில் சற்று ஓய்ந்திருந்தது. நான் சமையலறையின் பின்கதவில் நின்றேன். அவர் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் உள்ள மண் கரையடியில் நின்றார். என் கணவரின் அப்பா அவர். மடுல்கெல்லப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நாற்பது வருடம் புல்லுவெட்டுக் கங்காணியாக, அதாவது களை பிடுங்குகிறவர்களுக்குத் தலைவராக இருந்தவர். அதுவா வந்துருச்சாம். கடையில் அகப்பட்ட திருடன்கூட இதைவிட நல்ல பொய் சொல்வான் என்றுதான் எனக்குத் தோன்றியது. தோன்றியதை அப்படியே வாயாலும் சொன்னேன். எழுபது வயது தாண்டிய மனிதரை, நான் வாழ்க்கைப்பட்ட வீட்டின் பெரியவரை, “திருடன்” என்ற சொல்லை வைத்துக்கொண்டு பேசினேன். இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் என்னை வாயாடி என்று மட்டும் நினைப்பீர்கள். வாயாடிதான், ஆனால் காரணமில்லாதவள் இல்லை.

எங்கள் வீடு அம்பிட்டியவில் மேடேறிப் போகும் ஒரு குறுக்கு ரோட்டில் இருக்கிறது. கண்டியைச் சுற்றி வீடு கட்டுகிறவர்களுக்கு எல்லாம் நடப்பதுதான் எங்களுக்கும் நடந்தது. சமமான நிலம் கிடைக்கவில்லை, கிடைத்த சரிவை வெட்டிச் சமமாக்கினோம். வெட்டிய இடத்தில் வீட்டுக்குப் பின்னால் பத்தடி உயரத்துக்குச் செம்மண் கரை செங்குத்தாக நின்றது. அதற்கும் எங்கள் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் வாளியோடு நடக்கிற அளவு இடம், மழைத்தண்ணீர் ஓட ஒரு சிறிய கான். கரையைப் பார்த்தபடி பின்பக்கத்தில் இரண்டு அறைகள். ஒன்று சமையலறை, மற்றது என் தையல் அறை. பள்ளிக்கூட உடுப்பும் சாரிச் சட்டையும் தைத்துத்தான் வீட்டில் பாதி அடுப்பு எரிந்தது. தைக்க வருகிறவர்கள் அளவு கொடுத்துவிட்டு உடனே போகமாட்டார்கள். உட்கார்ந்து பேசுவார்கள். நானும் விடமாட்டேன். யாராவது நன்றாக ஒன்று சொல்லிவிட்டால் அளவுக் கொப்பியின் ஓரத்திலேயே குறித்து வைப்பேன். இடுப்பு முப்பத்திரண்டு, தோள் பதினான்கு, அதற்குக் கீழே அந்தப் பெண் சொன்ன ஒரு வாய்ச்சொல். படித்த படிப்பு எட்டாம் வகுப்பு வரைக்கும். மிச்சம் எல்லாம் இப்படிக் கேட்டுச் சேர்த்ததுதான்.

ஒரு வருடம் ஐப்பசி மழையில் கரையிலிருந்து ஒரு கூடை மண் சரிந்து தையல் அறை ஜன்னலில் வந்து மோதியது. ஒரு கூடைதான். ஆனால் நான் அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மண் மெதுவாக ஏறி நின்றதைப் பார்த்த பிறகு, மழை பெய்கிற நாளில் அந்த அறையில் ஊசியில் நூல் கோர்க்கக் கை வரவில்லை. கிராம சேவகரிடம் எழுதிக் கொடுத்து, கரை பார்க்க ஒரு அலுவலர் வந்தார். சிங்களவர், தமிழை அழகாகப் பேசுவார். கரையை மேலும் கீழும் பார்த்தார். சுவர் கட்டினால் நல்லது என்றார். அதற்கு எங்களிடம் வழியில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சற்று நின்று சொன்னார்: “அப்ப மண்ண சும்மா வைக்க வேணாம் அம்மா. பெரிய மரம் வேணாம், பாரம். வாழையும் வேணாம். இந்த மலையில தானா வளர்ற செடி போடுங்க. போவிட்டியா இருக்குத்தானே, அது மாதிரி. வேர் நல்லாப் பிடிக்கும். பூவும் பூக்கும், உங்களுக்கும் பாக்க நல்லம்.” போகும்போது திரும்பி, “இதுவே போதும் எண்டு நினைக்க வேணாம். சும்மா இருக்கிறதுக்கு இது நல்லம்” என்று ஒரு வார்த்தையும் போட்டுவிட்டுப் போனார். எனக்கு முன் பாதி மட்டும்தான் காதில் நின்றது.

போவிட்டியாவைத் தேடிப் போக வேண்டியதில்லை. எங்கள் ரோட்டு வெட்டுக்களிலேயே நிற்கும். இடுப்பளவு புதர், மூன்று கோடு ஓடிய சொரசொரப்பான இலை, வருடத்தில் பாதி நாள் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த பூ. இலையைப் பறித்து இலைக்கஞ்சியில் போடுகிறவர்கள் உண்டு. பெயர் சிங்களப் பெயர், எங்களுக்கும் அதுதான் பெயர். எவ்வளவு பஸ் புழுதி விழுந்தாலும், எவ்வளவு பேர் மிதித்தாலும் அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட செடியை வீட்டில் வளர்ப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நான் நினைத்ததில் பாதிக்கு மேல் அந்தச் செடி தப்பாக்கியது.

முதலில் ரோட்டோரத்தில் பூத்து நின்ற நாலு செடியைத் தோண்டிக் கொண்டுவந்து நட்டேன். ஒரே வாரத்தில் விறகாகிவிட்டன. இரண்டாவது தடவை சின்னச் செடியாகத் தேடி எடுத்தேன். சாணம் வைத்தேன். என் கணவர் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. அவர் பங்குக்கு ஒரு பை டொலமைட் சுண்ணாம்பு கொண்டுவந்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு எந்தப் பயிருக்கும் மருந்து அதுதான். தேயிலைக்குப் போடுவார்கள், அதனால் தென்னைக்கும் போடுவார், ரோசாவுக்கும் போடுவார். போவிட்டியா இலைகள் மஞ்சளாகி, ஓரம் கருகி, ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மூன்றாவது தடவை அழாக்குறையாக என்னிடம் சட்டை தைக்க வரும் ஒரு பெண்ணிடம் சொன்னேன். அவள் ஒரு நாற்றுமேடையில் வேலை செய்கிறவள். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “நீங்க அதுக்கு விருந்து வைக்கிறீங்க அக்கா. அது பட்டினி கிடந்து பழகின செடி. சுண்ணாம்பு போட்டா கொன்ன மாதிரித்தான். இடம் மாத்தினாலும் கோவிச்சுக்கும். காஞ்ச காயக் கொண்டுவந்து விதைய உதிர்த்து விடுங்க, மேல மண் கூடப் போடாதீங்க. வெளிச்சம் பட்டாத்தான் கண்ணு முழிக்கும்.” அதை அவளுடைய மார்பளவுக்குக் கீழே எழுதி வைத்தேன். கொப்பி இன்னும் இருக்கிறது.

மாமா எங்களோடு வந்து இருக்கத் தொடங்கியது அந்த வருடம்தான். மாமி இறந்த பிறகு தோட்டத்து லயத்து அறையில் தனியாக இருக்க வேண்டாம் என்று என் கணவர் போய்க் கூட்டி வந்தார். ஒரு தகரப்பெட்டி, ஒரு கம்பளி, ஒரு களை சுரண்டி. வேலையில்லாமல் இருப்பது அவருக்கு நோய் மாதிரி. காலையில் தேத்தண்ணியைக் குடித்த கையோடு வாசலில் குந்தி உட்காருவார். குந்தியபடியே பக்கவாட்டில் நகருவார். இடக்கை முதுகில் இருக்கும், வலக்கை மட்டும் தரையில் மேயும். பிடுங்கிய களையை மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டி மண்ணை உதறுவார். வேர் மேலே பார்க்க வரிசையாகக் கிடத்துவார், வெயிலில் காய்வதற்கு. வந்த இரண்டே வாரத்தில் எங்கள் முற்றத்தில் ஒரு புல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்து மெச்சினார்கள். நானும் மெச்சினேன்.

நான் விதை உதிர்த்தது வைகாசியில். இரண்டு மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு காலை, கரையில் பாசி படிந்த இடமெல்லாம் கடுகு அளவு இலைகள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்று கோடு தெரிந்தது. நான் அன்றைக்குத் தைத்த சட்டைக் கைகள் எல்லாம் கோணல், அவ்வளவு சந்தோசம். வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன், “பின்னால பூச்செடி போட்டிருக்கேன், யாரும் கால் வைக்காதீங்க.” மாமாவிடமும்தான் சொன்னேன். “சரி தாயி” என்றார்.

அவை விரல் உயரம் வந்தபோது அட்டனில் ஒரு கலியாணத்துக்காக நான்கு நாள் போனேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றுமுன் மாமா எதிரே வந்தார். முகம் முழுக்கப் பெருமை. “பின்னால போய்ப் பாருத்தா. கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன்.”

போய்ப் பார்த்தேன். மொட்டையடித்த தலையைப் போல் கரை வழுவழுவென்று நின்றது. கீழே கான் ஓரத்தில் என் போவிட்டியாக்கள் வேர் மேலே பார்க்க, ஒரே சீராக, தோட்டத்தில் காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கிற ஆட்களைப் போல வரிசையாகக் கிடந்தன. காய்ந்துவிட்டிருந்தன.

“மாமா, பூச்செடி போட்டிருக்கேன்னு சொன்னேனே!”

“அதத்தான் நானும் தேடினேன். ஒன்னையும் காணோம். ஒரே களையா மண்டிக் கிடந்துச்சு. அதான் உன் செடிக்கு எடஞ்சலா இருக்கக் கூடாதுன்னு எடுத்துட்டேன்.”

“இதுதான் மாமா அந்தச் செடி!”

அவர் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். “இது களைத்தா” என்றார், மிகவும் பொறுமையாக, எனக்கு ஏதோ காய்ச்சல் என்பதுபோல. எந்தப் புத்தியுள்ள பிள்ளையாவது களையை விதைக்குமா என்பதுதான் அவர் கேள்வி. அதில் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருப்பது எனக்குத் தெரிந்தது. அதனால் என் ஆத்திரம் இரண்டு மடங்கானது. அன்று நான் ஒரு காரியம் செய்தேன். அலுவலர் சொன்னதை அப்படியே எடுத்து மாமாவின் மேல் வீசினேன். மண்ணை வெறுமையாக வைத்தால்தான் மலை சரியுமாம், இந்தச் செடிதான் பிடித்து நிற்குமாம், இதைப் பிடுங்குகிறவர்கள் மலையைத்தான் பிடுங்குகிறார்களாம் என்று. கடைசி வரி அவர் சொன்னதில்லை, நான் சேர்த்தது.

மாமா சுரண்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். “அப்ப நாப்பது வருசமா நான் மலைய உரிச்சிக்கிட்டிருந்தேன்னு சொல்றியா?”

ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல மனம் வரவில்லை. அவருடைய வாழ்க்கையில் அவர் பெருமைப்பட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். தோட்டத்துத் துரை ஏறி வந்து பார்க்கும்போது தேயிலையும் மண்ணும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத மலை. அதை ஒரு தையல்காரி ஒரு வாக்கியத்தில் கத்தரித்துப் போட்டால் என்ன சொல்வது? என் கணவர் வேலை முடிந்து வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். “செடிக்காக அப்பாவோட சண்ட போடாத. அப்பாவுக்காக செடியோட சண்ட போடாத. எனக்கு ஒரு பிளேன்டீ போடு” என்றார். அவர் எப்போதும் இப்படித்தான். அதையும் கொப்பியில் எழுதினேன், கோபத்தோடு.

அதன் பிறகு மாமா பின்பக்கம் போகவே இல்லை. எனக்கு நிம்மதி என்று நினைத்துத் திரும்ப விதை உதிர்த்தேன். முளைத்தது. கூடவே மானாப் புல்லும், தொட்டாற்சுருங்கியும், பெயர் தெரியாத கொடி ஒன்றும் முளைத்து அதன் கழுத்தை நெரித்தன. நான் களை பிடுங்கினால் புல் பாதியில் அறுந்து வரும், போவிட்டியா வேரோடு வரும். எவ்வளவு எரிச்சல் என்று சொல்லி முடியாது. நாற்பது வருடம் களை பிடுங்கியவர் முன் வாசலில் கதிரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். நான் பின்னால் புல்லோடு மல்லுக்கட்டுகிறேன். கடைசியில் போய்க் கேட்டேன்.

“எனக்கு எதுக்குத்தா வம்பு? நான் தொட்டா மல உரிஞ்சிரும்” என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

“மாமா, கொஞ்சம் வாங்க மாமா.”

“ஆப்பிசர வரச் சொல்லு. அவரு பக்குவமா எடுப்பாரு.”

மூன்று நாள் கெஞ்ச வைத்தார். நாலாம் நாள் தானாகவே எழுந்து போனார். நான் கத்தரித்து எறிகிற துணியோரங்களில் சிவப்பாகப் பொறுக்கி, ஒவ்வொரு போவிட்டியாக் கன்றின் பக்கத்திலும் ஒரு ஈர்க்குச்சி குத்தி அதில் கட்டினேன். “சிவப்பு இருக்கிறதத் தொடாதீங்க. மிச்சம் எல்லாம் உங்க பாடு.” அவர் குந்தினார். அன்றைக்கு நான் பின்கதவில் நின்று பார்த்ததை மறக்க முடியாது. வலக்கை புல்லைப் பிடுங்கிக்கொண்டே போகும். சிவப்புக்கு வந்ததும் அதுவும் பிடுங்கப் போகும். உடனே முதுகிலிருந்த இடக்கை முன்னால் வந்து வலக்கையைப் பிடிக்கும். “கண்ணு ‘விடு’ங்குது, கை கேக்க மாட்டேங்குது” என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாளே மூன்று கன்று போயிற்று.

அப்படிக் குந்தியிருந்த ஒரு நாள்தான் மாமியைப் பற்றிச் சொன்னார். மாமியும் அவருடைய கொந்தரப்பில்தான், அவர் ஒப்பந்தத்துக்கு எடுத்த வேலையில்தான், களை பிடுங்கியிருக்கிறார். ஒரு நாள் துரை வருகிற நேரம், மாமியின் நிரையில் கான் ஓரமாக ஒரு போவிட்டியா நின்றிருக்கிறது. ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு “பூத்திருந்துச்சு” என்று ஒரே வார்த்தை. ஒரு களை நின்றால் அன்றைக்கு அந்த ஆளுக்கு அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். “சொந்தப் பொஞ்சாதின்னு பாக்கல, அரைப்பேர் போட்டேன்” என்றார் நிமிர்ந்து.

“மாமி என்ன சொன்னாங்க?”

“ஒன்னும் சொல்லல. அன்னைக்குச் சோத்துல உப்பு இல்ல.” இன்னொரு புல்லைப் பிடுங்கி உதறிவிட்டு, “அதுக்கப்புறம் மூனு நாளும் இல்ல” என்றார்.

அந்தப் பூவை அவர் அப்போதாவது பார்த்தாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எனக்கு என் கன்றுகள்தான் கவலை.

இரண்டு வருடத்தில் பத்தொன்பது செடி நின்றது. சில இடுப்புக்கு வந்தன. ஈர்க்குச்சி இற்றுப்போன பிறகு துணியைத் தண்டிலேயே கட்டினேன். முதல் பூ பூத்த நாளில் மழை. நான் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். சட்டை தைக்க வந்தவர்களை எல்லாம் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். “இது ரோட்டுல நிக்கிறதுதானே” என்பார்கள். அந்த அலட்சியத்தில் எனக்கு வருகிற கோபம் தனி. மாமாவோ தினமும் காலையில் ஒரு சுற்றுப் போய் எண்ணிவிட்டு வந்து, “உன் புள்ளைங்க பத்தொம்பதும் இருக்குத்தா” என்று அறிக்கை தருவார். பூச்செடி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. “நீ வளக்குற களை” என்பார். ஆனால் தொடவில்லை. அந்த முதல் நாட்களுக்குப் பிறகு இரண்டு வருடம் தொடவில்லை. அதனால்தான் அந்த மழைக் காலையில் அவர் கையில் ஒன்று தொங்கியதைப் பார்த்ததும் எனக்கு அப்படி வந்தது. எல்லாம் நடிப்பு, இவ்வளவு நாளும் என் முதுகு திரும்பக் காத்திருந்தார் என்றே நினைத்தேன்.

இப்போது எழுதும்போது எல்லாம் வரிசையாகத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் மலைமண்ணில் ஊன்றிய போவிட்டியாவை ஒரு கையால் பிடுங்க முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன். இரண்டு கையாலும் பிடித்துக் காலை உதைத்து இழுத்தாலும் தண்டுதான் முறியும். அப்படிப்பட்டது ஒரு கை பட்டதும் வழுக்கிக்கொண்டு வருகிறது என்றால் உள்ளே மண் மண்ணாக இல்லை, கஞ்சியாகிவிட்டது என்று பொருள். நாற்பது வருடம் வேரின் இழுப்பைத் தவிர வேறொன்றையும் படிக்காத கை அது. மேலே இருந்து பார்த்தால் கரை அன்றைக்கும் பச்சையாக, பூத்து, அழகாகத்தான் இருந்தது. நான் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரை அன்று பின்னேரம் மூன்று மணிக்கு இறங்கியது. நாங்கள் எல்லோரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடையின் தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய சத்தம் எதுவும் இல்லை, ஈரச் சாக்கைக் கீழே போட்டது போல ஒன்று. தையல் அறையின் பின்சுவர் உள்ளே விழுந்தது. மண் ஜன்னல் உயரத்துக்கு நின்றது. அதற்குள் எங்கெங்கோ சிவப்புத் துணி தெரிந்தது. மிச்சம் பதினெட்டுச் செடியும் தாம் பிடித்திருந்த மண்ணைப் பிடித்தபடியே வந்திருந்தன. பிடித்துத்தான் இருந்தன, பாவம். அவற்றுக்குக் கீழே இருந்ததைப் பிடிக்க ஆளில்லை.

இரவல் வாங்கியும் உதவி கேட்டும் ஒரு வருடம் இழுத்து அறையைத் திரும்பக் கட்டினோம். இப்போது பின்னால் சுவர் இருக்கிறது. கரையை உள்ளே தள்ளி வெட்டி, கம்பி கட்டி, சீமெந்து பூசி, தண்ணீர் இறங்க இடையிடையே குழாய் வைத்திருக்கிறார்கள். கட்டியவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், அதில் ஒரு செடியும் முளைக்க விடக்கூடாது, வேர் போனால் வெடிக்கும் என்று. குழாய் வாயில் எப்போதாவது ஒரு போவிட்டியா தலை நீட்டும். நான்தான் பிடுங்கிப் போடுகிறேன். யாரைக் கெஞ்சி, யாரைத் திட்டி, எவ்வளவு துணியைக் கிழித்துக் கட்டி வளர்த்தேனோ அதை என் கையாலேயே பிடுங்குகிறேன். மாமா நாற்பது வருடம் பாடுபட்டும் எந்த மலைக்கும் கொடுக்க முடியாத சுத்தம் இப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிரந்தரமாக நிற்கிறது. பார்க்கத்தான் அவர் இல்லை. சுவர் முடிந்த வருடமே போய்விட்டார். முன்பக்கம் ஒரு பெயின்ற் வாளியில் போவிட்டியா வைத்துப் பார்க்கிறேன். முளைக்கிறது, நாலு இலை விடுகிறது, மஞ்சளாகிறது. நாற்றுமேடைப் பெண் வாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இன்னும் ஏதாவது ஊட்டுறீங்களா அக்கா?” என்று கேட்கிறாள். ஒன்றும் ஊட்டவில்லை. மழைத்தண்ணீர் மட்டும்தான். அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவரிடம் நான் சரியாக மன்னிப்புக் கேட்கவும் இல்லை. ஒரு தடவை ஆரம்பித்தேன். “அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாமா” என்றேன். “என்னைக்கு?” என்றார். மறந்துவிட்டாரா, மறந்ததுபோல இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதுவே எனக்கு எரிச்சல். முன்கூட்டியே தெரிந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா? “தாயி, கரை இறங்கப் போகுது” என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவரை அப்படிப் பேசியிருக்கமாட்டேனே! இதை அவரிடமே கேட்டேன். “நீ எங்க பேச விட்ட?” என்றார். அதுவும் உண்மை.

உண்மைதான். அந்தக் காலையில் பின்கதவில் நின்றுகொண்டு நான் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். துணி கட்டியது கண்ணுக்குத் தெரியவில்லையா, இரண்டு வருடம் வளர்த்த பிள்ளை, திருடன்கூட இப்படிப் பொய் சொல்லமாட்டான், இனி இந்தப் பக்கம் காலை வைக்காதீர்கள் என்று. அவர் கையிலிருந்த செடியைப் பார்க்கவில்லை. அது எங்கோ விழுந்தது. உள்ளங்கையைக் கரையில் வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல ஒரு கணம் நின்றார். பிறகு என்னை ஒதுக்கிக்கொண்டு சேற்றுக் காலோடு உள்ளே நுழைந்தார். தையல் அறைக்குப் போய்த் தோளிலிருந்த துவாயைச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்தார். மெஷினை மரப்பெட்டியோடு அப்படியே தூக்கித் தலையில் ஏற்றினார். நான் பின்னாலேயே திட்டிக்கொண்டு போனேன், தரையெல்லாம் சேறு என்று. ஊசிக்கடியில் யாருடையதோ பாதி தைத்த வெள்ளைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டர் வயர் தரையில் இழுபட்டது. மாமா கழுத்தை அசைக்காமல் வாசற்படி இறங்கி, மறுபடி தொடங்கிய மழைக்குள் ரோட்டைக் கடந்தார்.